தண்ணீர் கேட்கும்போது கண்ணைப் பார்க்கலாமா?

(வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் நடிப்பை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்பது குறித்து, நாகர்கோவிலில் நடந்த ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



சீரியல் நடிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு மூன்று தோழர்கள் சிரித்தீர்கள். தப்பில்லை. நானும் சிரித்தவன்தான். ஒட்டுமீசை, அட்டை வாள், மூன்று முறை திரும்பத் திரும்ப ஜூம் ஆகும் முகம், இடி இடிக்கும் பின்னணி இசை. வரலாற்றுத் தொடர் என்றாலே இதுதான் நமக்கு நினைவுக்கு வரும். அதைக் கிண்டல் செய்து ஒரு மீம் போட்டுவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். எனக்கு அந்தச் சிரிப்பு நின்றுபோன நாள் ஒன்று உண்டு. அதிலிருந்து தொடங்குகிறேன்.

2020 ஊரடங்கில் விடுதியை மூடிவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு தோவாளைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தேன். ஊர் என்று சொல்வது பழக்கதோஷம். ஊர் முடிகிற இடத்தில் தொடங்கும் காலனி. அம்பேத்கரின் பள்ளிப் பருவத்தைக் காட்டும் ஒரு தொடரின் துண்டுக் காணொளி அப்போது என் போனுக்கு வந்தது. இந்தி. சிறுவன் பீம்ராவ் ஆசிரியரிடம் தண்ணீர் கேட்கும் காட்சி. வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். சித்தப்பா மகன் பத்து நொடி பார்த்துவிட்டு, "ஓவர் ஆக்டிங்" என்று எழுந்து போய்விட்டான். நானும் மனதுக்குள் அதைத்தான் நினைத்தேன்.

எங்கள் ஆச்சிக்கு இந்தி தெரியாது. முழுவதும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மக்களே, அந்த வாத்தியாருக்க நடிப்பு சரியாத்தான் இருக்கு. பயலுக்க நடிப்புதான் சரியில்ல."

"ஏன் ஆச்சி?"

"தண்ணி கேக்கும்போ அவருக்க கண்ணைப் பாத்துல்லா கேக்கான். நாங்க கண்ணையா பாப்போம்? தரையப் பாத்துட்டு, கைய இப்பிடிக் குவிச்சுட்டு நிப்போம். ஊத்துன ஆளுக்க மொகம் எனக்கு இப்பவும் தெரியாது. கையில கெடந்த வளையலு தெரியும்."

தோழர்களே, நான் ஆராய்ச்சிப் படிப்புக்காக நடிப்புக் கோட்பாடுகள் நிறைய படித்திருக்கிறேன். ஒரு நடிகரின் பார்வைக் கோணத்தை வைத்து ஒரு காட்சியை இவ்வளவு துல்லியமாக விமர்சித்த ஒருவரை அதுவரை சந்தித்ததில்லை. 'ஓவர் ஆக்டிங்' என்பது எங்கள் இரண்டு பேரின் தீர்ப்பு. அது படித்தவனின் தீர்ப்பு. ஆச்சியின் தீர்ப்பு உடம்பிலிருந்து வந்தது. அந்த அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். அக்காவின் மகள், அப்போது நான்காம் வகுப்பு. அவள் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், நாம் பயன்படுத்தும் சொற்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஒரு வரலாற்றுத் தொடரில் ஒருவர் நன்றாக நடித்தார் என்று சொல்ல நம்மிடம் என்ன சொற்கள் இருக்கின்றன? 'ராஜ களை', 'கம்பீரம்', 'தேஜஸ்', 'அந்த வேஷத்துக்கு அப்படியே பொருந்துகிறார்'. இவற்றில் எதுவுமே நடிப்பைப் பற்றிய சொல் இல்லை. முகத்தையும் நிறத்தையும் உடல்கட்டையும் பற்றிய சொற்கள். நாம் யாரும் எந்த ராஜாவையும் பார்த்ததில்லை. காலண்டர் படத்தைப் பார்த்திருக்கிறோம், பழைய சினிமாவைப் பார்த்திருக்கிறோம். அந்தப் படம் ஏற்கெனவே மண்டைக்குள் இருப்பதால், அதற்கு ஒத்துப்போகிறவரை 'பொருந்துகிறார்' என்கிறோம்.

ராமனைக் கரிய நிறத்தவன் என்றுதான் காவியங்கள் பாடுகின்றன. தொலைக்காட்சி ராமர்கள் எல்லாரும் சிவப்பு. இதைப் பார்த்து 'பொருந்தவில்லை' என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. ஆனால் வேலைக்காரர், காவலர், காட்டுவாசி, கொள்ளையர் என்று வந்தால் கறுப்பு மை வேண்டியிருக்கிறது. 2015இல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர்களை எப்படிக் காட்டினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கரி பூசிய உடம்பு, புரியாத மொழி. 'மிரட்டிட்டான்யா' என்று கைதட்டினோம். களை என்கிற சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. அதை நடிப்புக்கான மதிப்பெண் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மதிப்பெண் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும், அதனால் என்ன என்று கேட்கலாம். அந்த மதிப்பெண் வாக்குச்சீட்டு வரைக்கும் போகும் என்பதுதான் விஷயம்.

ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கி 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியது. குளித்து, பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்திப் பார்த்த வீடுகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். 1991 மக்களவைத் தேர்தலில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியா பரோடாவில் பாஜக வேட்பாளராக வென்றார். ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் அதே கட்சியில், அதே தேர்தலில், சாபர்காந்தாவில் வென்றார். மகாபாரதத்தின் கிருஷ்ணர் நிதீஷ் பரத்வாஜ் 1996இல் ஜம்ஷெட்பூரில் வென்றார். ராமராக நடித்த அருண் கோவில் 2024இல் மீரட்டில் வென்றார். ராமன், சீதை, கிருஷ்ணன் போகட்டும். ராவணனுக்கும் ஓட்டு விழுந்தது பாருங்கள், அங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பார்வையாளர்கள் பாத்திரத்தை நல்லவன் கெட்டவன் என்று பார்த்து ஓட்டுப் போடவில்லை. அந்தக் கதை நடக்கும் உலகத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த உலகத்தின் எந்த மூலையிலும் சம்பூகன் பேசுவதற்கு இடமில்லை.

மராத்தியில் இன்னொரு கதை. அமோல் கோல்ஹே 2008இல் 'ராஜா சிவசத்ரபதி' தொடரில் சிவாஜியாக நடித்தார். 2017 முதல் 2020 வரை 'ஸ்வராஜ்யரட்சக் சம்பாஜி'யில் சம்பாஜியாக நடித்தார். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2019இல், சிரூர் தொகுதியில் தேசியவாத காங்கிரஸ் எம்.பி. ஆனார். 2022 ஜனவரியில், அவர் 2017இல் நடித்து முடித்திருந்த ஒரு படம் வெளிவந்தது. அதில் அவருக்கு நாதுராம் கோட்சே வேடம். பெரிய கொந்தளிப்பு. ஒரு பாத்திரத்தில் நடிப்பதால் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று அவர் விளக்கம் சொன்னார். நடிப்புக் கோட்பாட்டின்படி சரியான விளக்கம்தான். ஆனால் சம்பாஜியாக நடித்ததால் கிடைத்த நம்பிக்கையை மேடையில் பயன்படுத்தும்போது, 'அது வேறு, நான் வேறு' என்று யாரும் விளக்கம் சொல்வதில்லை. வேடம் லாபமாக வரும்போது உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. நஷ்டமாக வரும்போது மேக்கப் போலக் கலைந்துவிடுகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். அண்ட் டிவி என்ற இந்தி சேனலில் 2019 டிசம்பரில் 'ஏக் மகாநாயக் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர்' தொடங்கியது. சிறுவன் பீம்ராவாக ஆயுத் பானுஷாலி நடித்தான். நீண்ட காலம் அது பள்ளிச் சிறுவனின் கதையாகவே ஓடியது. 2020 ஜூலையில் ஜீ கன்னடம் அதை 'மகாநாயக' என்ற பெயரில் மொழிமாற்றம் செய்து ஒளிபரப்பியது. கர்நாடகத்தில் ஊர் ஊராக அந்தத் தொடருக்கு பேனர் கட்டினார்கள். சினிமா நடிகருக்குக் கட்டுவதுபோல, ஒரு டப்பிங் சீரியலுக்கு. தொடரை நிறுத்தச் சொல்லித் தனக்கு மிரட்டல் வருவதாக அந்தச் சேனலின் பொறுப்பாளர் ராகவேந்திர ஹுணசூர் வெளிப்படையாகவே சொன்னார். தொடர் நிற்கவில்லை.

மிரட்டியவர்களுக்கும் அந்தத் தொடரின் நடிப்பைப் பற்றி ஒரு கருத்து இருந்திருக்கும் அல்லவா? 'மிகைப்படுத்துகிறார்கள்' என்பதாகத்தான் இருக்கும். நாமும் 'மிகை நடிப்பு' என்றுதான் சொன்னோம். காரணம் வேறு, சொல் ஒன்றுதான். இது எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

அதே 2020 ஜனவரியில் சோனி மராத்தியில் 'சாவித்ரிஜோதி' என்ற தொடர் தொடங்கியது. சாவித்ரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் கதைமாந்தர்கள். அஷ்வினி காசரும் ஓம்கார் கோவர்தனும் நடித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பருக்குள் முடித்துவிட்டார்கள். டிஆர்பி இல்லை என்பதுதான் காரணமாகப் பேசப்பட்டது. பார்வையாளர் கைவிட்டுவிட்டார் என்று பொருள்.

யார் அந்தப் பார்வையாளர்? டிஆர்பி கணக்கு எடுக்கும் 'பார்க்' அமைப்பின் கருவி, நாட்டில் தொலைக்காட்சி இருக்கும் இருபது கோடி வீடுகளில் சில பத்தாயிரம் வீடுகளில் மட்டுமே இருக்கிறது. அந்த வீடுகளை எப்படி வகைப்படுத்துகிறார்கள்? வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பு என்ன, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கார் போன்ற பொருட்களில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து. வாங்கும் சக்தி உள்ள பார்வையாளர்தான் விளம்பரதாரருக்குப் பார்வையாளர். பேனர் கட்டியவர்கள் அந்தக் கணக்கில் எவ்வளவு கனம் பெறுவார்கள் என்று யோசியுங்கள். ஆகவே 'மக்கள் ரசிக்கவில்லை' என்று ஒரு சேனல் சொன்னால், எந்த மக்கள் என்று கேட்பது நம் கடமை.

இதையெல்லாம் வைத்து, நம் தலைவர்களைப் பற்றிய தொடர் என்றால் நடிப்பை விமர்சிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கருத்தரங்கில் இந்தப் பொருளில் கட்டுரை வாசித்தபோது ஒரு பேராசிரியர் கேட்டார்: "இதில் அழகியல் எங்கே இருக்கிறது? இது வெறும் அடையாள உணர்ச்சிதானே?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அந்தப் பதில் இந்த மண்ணில்தான் கிடைத்தது.

நம் மாவட்டத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். வில்லுப்பாட்டுக் கலைஞர் நன்றாகப் பாடினாரா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? கதையின் உச்சத்தில் சாமியாடிக்கு அருள் வர வேண்டும். வராவிட்டால் வீசுகோலைப் பிடித்தவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கேட்பவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பதுதான் அங்கே அளவுகோல். இது அழகியல் இல்லையா?

ஆனால் அதிலும் சாதி இருக்கிறது. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமண இளைஞன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாடு காத்துச் சாகிறான். பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு வடிவம் இருக்கிறது. அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது. கொடைக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்கு அந்தக் கல்யாணம் 'பொருந்தவில்லை'. அதனால் பெண்களின் பிறப்பையே மாற்றிவிட்டார்கள். 'ராஜ களை' என்று இன்றைக்கு நாம் சொல்வதும் இந்தத் திருத்தமும் ஒரே கையெழுத்து.

இதே நாகர்கோவிலில், ஒழுகினசேரியில் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நந்தனார் கதை எல்லாருக்கும் தெரியும். சிதம்பரம் போக ஏங்கி, தீயில் இறங்கி 'தூய்மை' ஆகும் கதை. அந்த நந்தனை மேடையிலும் சினிமாவிலும் நடித்தவர்களை, எவ்வளவு உருக்கமாகக் குனிந்தார்கள் என்பதை வைத்துத்தான் பாராட்டினார்கள். கலைவாணர் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அது இருக்கிறது. கிந்தன் சிதம்பரம் போகவில்லை. பட்டணம் போய்ப் படித்து, அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கூட்டம் சிரித்தது. கிந்தனைப் பார்த்து அல்ல, கிந்தனோடு சேர்ந்து சிரித்தது. ஒடுக்கப்பட்டவர் வேடத்தில் உருக்கம்தான் நல்ல நடிப்பு என்ற அளவுகோலை நம் ஊர்க்காரர் ஒருவர் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே உடைத்துப் போட்டிருக்கிறார்.

இன்னொன்று. வேடம், உடை என்று பேசும்போது நாம் எந்த மண்ணில் நின்று பேசுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. இது பழைய தென் திருவிதாங்கூர். தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859 ஜூலை 26 அன்று அரசு ஆணை வந்தது. நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்றது அந்த ஆணை. அந்தப் 'போல' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூடுவதில்கூட அவ்வளவு பிரச்சினை இல்லை, அவர்களைப் போலத் தெரிவதுதான் பிரச்சினை. 1915இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் புலையர் பெண்கள், தங்கள் கழுத்தில் சாதி அடையாளமாகத் திணிக்கப்பட்டிருந்த கல்லுமாலைகளை அறுத்தெறிந்தார்கள். அய்யன்காளி முன்நின்ற போராட்டம். சாதி என்பது யாருக்கு எந்த வேடம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த பட்டியலாக இருந்த நிலம் இது. அந்த வேடத்தைக் கழற்றியதுதான் நம் வரலாறு.

அந்த வரலாறு பாடப்புத்தகத்தில் கொஞ்சம் இருந்தது. சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பில் சாதி மோதலும் உடை மாற்றமும் பற்றிய பகுதி. 2016இல் அதைத் தேர்விலிருந்து எடுத்தார்கள். 2019இல் அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள். நாளைக்கு யாராவது தோள்சீலைப் போராட்டத்தைத் தொடராக எடுத்தால், அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பாடமாக இருக்கும். அப்போது நடிப்பை மதிப்பிடுவது வெறும் பொழுதுபோக்கு வேலையாக இருக்காது.

அப்படி ஒரு தொடர் வந்தால் என்ன கேட்பீர்கள்? கிழிந்த துணி போட்டால் எதார்த்தம் என்று எடுத்துக்கொள்வீர்களா? கொடுமைக்காரன் கண்ணை உருட்டி மீசையை முறுக்கினால், 'என்ன நடிப்பு' என்பீர்களா? எனக்கு அந்தக் கண் உருட்டல்தான் பெரிய சந்தேகம். பூதம் மாதிரி நடிக்கும் ஆதிக்கச் சாதிக்காரனைப் பார்த்து எந்த ஆதிக்கச் சாதிக்காரரும் 'அது நான்' என்று நினைக்க மாட்டார். நம் ஊரில் சாதி அப்படியா வருகிறது? சிரித்துக்கொண்டு, தோளில் கை போட்டுக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு? யாருக்க மவன்?" என்றுதான் வருகிறது. அந்தச் சிரிப்பை நடித்துக் காட்டுகிறவரைத்தான் நான் நல்ல நடிகர் என்பேன். 1988இல் தூர்தர்ஷனில் வந்த கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' தொடக்கத்தை நேரம் கிடைத்தால் பாருங்கள். நத்து என்ற தோல் தொழிலாளியாக ஓம் புரி. கூலிக்காக ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். அதைக் கொல்லத் தெரியாமல் அவர் படும் பாடுதான் காட்சி. வசனத்தால் அல்ல, மூச்சாலும் வியர்வையாலும் அதை நடித்திருக்கிறார்.

ஆச்சிக்குத் திரும்புகிறேன். அவள் சொன்னது சரி. உண்மையில் ஒரு குழந்தை தரையைப் பார்த்துத்தான் தண்ணீர் கேட்டிருக்கும். பியூன் வந்து உயரத்திலிருந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை என்று அம்பேத்கரே தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் குனிந்த தலையைக் காட்டாத நடிப்பு, நடந்ததை மழுப்புகிறது. ஆச்சியின் உடம்பு அதைப் பொறுக்கவில்லை.

அக்காவின் மகள் சொன்னது இதுதான்: "அவன் பயப்படாம வாத்தியாருக்க மூஞ்சியப் பாத்துக் கேக்கான்லா, எனக்கு அதான் பிடிச்சிருக்கு." அவள் பள்ளிக்கூடத்தில் யார் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் கேட்கவில்லை. இப்போதும் உறுத்துகிறது.

ஒரே பார்வை. ஆச்சிக்கு அது பொய், பேத்திக்கு அது தைரியம். இரண்டில் எது சரி என்று பல நாள் யோசித்தேன். இரண்டு பேருமே நடிப்பைத்தான் மதிப்பிட்டார்கள். ஒருத்தி, எங்களுக்கு நடந்ததைச் சரியாகச் சொல் என்கிறாள். இன்னொருத்தி, எனக்கு நடக்க வேண்டியதைக் காட்டு என்கிறாள். நல்ல நடிகர் என்றால் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். தரையைப் பார்க்கத் தொடங்கி, மெல்ல நிமிரும் ஒரு கண் போதும். அந்த நிமிர்வுக்கு எவ்வளவு காலம் ஆனது என்பதை அந்த ஒரு நொடியில் காட்ட முடியும். அதை எழுதவும் எடுக்கவும் நடிக்கவும் ஆச்சி மாதிரியானவர்களின் வீட்டிலிருந்து பிள்ளைகள் எழுத்து அறைக்கும் கேமராவுக்குப் பின்னாலும் முன்னாலும் போக வேண்டும். இங்கே இருக்கும் தோழர்களில் ஒரு சிலராவது போவீர்கள் என்று நம்புகிறேன்.

அதுவரை, 'ஓவர் ஆக்டிங்' என்று சொல்லி எழுந்து போவதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையிடமும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட அந்த அடுத்த கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.